ரூபாய்க்குப் பாயிண்ட்: திருச்சி–சென்னை ஆளுக்கு லாபமா, நாமமா?

உழவன்_எக்ஸ்பிரஸ் | நவம்பர் 3, 2025, காலை 7:10

அடிக்கடி பறக்கிறவர் சேர்த்துவைத்து டிக்கெட் வாங்க விமானக் கம்பெனி பாயிண்ட் தருமே, அதை முன்பு பறந்த மைலுக்குக் கொடுத்தார்கள், இப்போது கொடுத்த ரூபாய்க்கு. மைல் கணக்கை மூட்டை கட்டிவிட்டு ஏர் இந்தியாவும் ரூபாய்க் கணக்குக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இண்டிகோ 2006-இல் பறக்க ஆரம்பித்து, 2024-இல்தான் புளூசிப் என்று ஒரு பாயிண்ட் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவும் செலவுக் கணக்குதான். என் கட்சி இது: டெல்டாக்காரனுக்கு இதில் பட்டை நாமம். திருச்சியில் ஏறி சென்னையில் இறங்குகிறவன் கொடுக்கும் காசே கொஞ்சம், அதில் என்ன பாயிண்ட் தேறும்? டெல்லி, மும்பை என்று கம்பெனி காசில் பறக்கிற மேனேஜருக்குத்தான் கொட்டும். மறுப்பவர்கள் கணக்கோடு வரவும்.

வெண்ணாறு | நவம்பர் 3, காலை 8:25

தலைகீழாச் சொல்றீங்க. கணக்கு கேட்டீங்களே, இந்தாங்க.

திருச்சி–சென்னை வான்வழி சுமார் 180 மைல். சென்னை–டெல்லி சுமார் 1,095. பழைய பாணித் திட்டத்தில் மலிவு டிக்கெட்டுக்குப் பாதி மைல்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் முதலாவதுக்கு 90, இரண்டாவதுக்கு 547.

இப்போது 100 ரூபாய்க்கு 6 பாயிண்ட் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி–சென்னை கட்டணம் 3,200 என்றால் 192. சென்னை–டெல்லி 4,500 என்றால் 270. தீபாவளிக்கு முந்தின நாள் அதே திருச்சி டிக்கெட் 6,800-க்குப் போனால் 408.

குட்டைப் பயணத்துக்கு இரண்டு மடங்கு, நீளப் பயணத்துக்குப் பாதி. மைலுக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்று பார்த்தால் நம்ம ரூட் நாட்டிலேயே விலை கூடிய ரகம். ஏடிஆர் என்கிற சின்ன விமானத்தில் ஒரு மணி நேரம், அதற்கு டெல்லி டிக்கெட்டில் முக்கால் பங்கு விலை. ரூபாய்க்கு அளக்க ஆரம்பித்தால் நமக்குத்தான் படி பெரிசு.

உழவன்_எக்ஸ்பிரஸ் | நவம்பர் 3, காலை 8:40

பழைய 90-ம் புது 192-ம் ஒரே சரக்கா? பாயிண்டின் மதிப்பே மாறியிருந்தால் இந்தக் கணக்கு எதற்கு உதவும்?

வெண்ணாறு | நவம்பர் 3, காலை 9:05

அது நியாயமான கேள்வி. ஆனால் நான் ஒப்பிட்டது விகிதத்தை. பழையதில் டெல்லிக்காரருக்கு உங்களைப் போல ஆறு மடங்கு கிடைத்தது. புதியதில் ஒன்றரை மடங்குகூட இல்லை. மதிப்பு எவ்வளவு இறங்கியிருந்தாலும் அவருக்கும் சேர்த்தேதான் இறங்கும்.

டிக்கெட்_கவுண்டர் | நவம்பர் 3, இரவு 10:15

கும்பகோணத்தில் டிக்கெட் போடுகிறவன். மேலே வெண்ணாறு அக்கா சொன்ன 3,200 எது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கையில் கொடுத்த மொத்தப் பணம் இல்லை அது.

இ-டிக்கெட்டில் கட்டண விவரம் என்று ஒரு கட்டம் இருக்கும். அடிப்படைக் கட்டணம் தனி. ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்று இருந்தால் அது விமானக் கம்பெனியே போடும் கூடுதல் கட்டணம். இந்த இரண்டும்தான் பாயிண்டுக்குச் சேரும். கே3 என்றால் ஜிஎஸ்டி, சேராது. பாதுகாப்புக் கட்டணம், விமான நிலைய வளர்ச்சிக் கட்டணம், வெப்சைட் பிடிக்கிற வசதிக் கட்டணம் எதுவும் சேராது. 4,100 ரூபாய் டிக்கெட்டில் 3,200-தான் கணக்குக்கு வருவது சாதாரணம். விலை மலிவாக மலிவாக இந்த இடைவெளி மோசமாகும், ஏனென்றால் பாதுகாப்புக் கட்டணமும் நிலையக் கட்டணமும் டிக்கெட் விலையைப் பார்த்து இறங்காது. ஆஃபரில் 1,900-க்குப் போட்ட டிக்கெட்டில் அடிப்படை 1,000 பக்கம் நிற்கும்.

ஜிஎஸ்டி சாதாரண வகுப்புக்கு 5 சதவீதம், பிசினஸ் வகுப்புக்கு இந்த செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 18. பிசினஸில் போகிறவர் இப்போது கூடக் கொடுக்கிறார், அதற்கு ஒரு பாயிண்டும் கூட வராது.

60 வயதுச் சலுகையில் போட்டால் தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்தில்தான் விழும். பாயிண்டும் அந்த அளவுக்குக் குறையும். அதற்காகச் சலுகையை விடாதீர்கள், தள்ளுபடி ரூபாய். பாயிண்ட் காசுக் கணக்கு.

கொள்ளிடக்கரை | நவம்பர் 4, காலை 6:50

வெண்ணாறு கணக்கில் ஒரு ஓட்டை. நம்ம ஊர் ஆள் சென்னையோடு நிற்கிறானா? டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போக வேண்டுமென்றால் பெரும்பாலும் திருச்சி–சென்னை–டெல்லி, இல்லாவிட்டால் திருச்சி–பெங்களூரு–டெல்லி. தூரக் கணக்கில் இரண்டு துண்டுக்கும் தனித்தனியாக மைல் விழும், சுற்றிப் போனால் அதற்கும் சேர்த்து. சில வெளிநாட்டுத் திட்டங்களில் துண்டு எவ்வளவு குட்டையானாலும் குறைந்தது 500 மைல் என்றுகூட இருந்தது.

ரூபாய்க் கணக்கில் அந்தத் துண்டு கரைந்துபோகும். திருச்சி–சென்னை தனியே 3,200, சென்னை–டெல்லி தனியே 4,500, ஆனால் சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் 7,700 வராது, 5,500-க்கோ 6,000-க்கோ கிடைக்கும். கிடைப்பது அந்த விலைக்கான பாயிண்ட்தான். மூன்று மணி நேரம் சென்னையில் உட்கார்ந்ததற்கு ஒரு பைசா கிடையாது.

ஆக, சென்னையோடு நிற்கிறவனுக்கு லாபம், சென்னையைத் தாண்டுகிறவனுக்கு நஷ்டம்.

வெண்ணாறு | நவம்பர் 4, காலை 7:30

அந்தத் துண்டு பொருள் இல்லாததாக ஆகிவிடவில்லை, வேறு கட்டத்துக்குப் போயிருக்கிறது. அந்தஸ்துப் படிக்கு (வெள்ளி, தங்கம் வகையறா) எத்தனை தடவை பறந்தீர்கள் என்று எண்ணுகிற திட்டமாக இருந்தால் திருச்சியில் ஏறி சென்னையில் மாறிப் போவது இரண்டு தடவையாக எண்ணப்படும். வருஷக் கடைசியில் படிக்கு ஒன்றோ இரண்டோ குறைகிறவர் நேர் விமானத்தை விட்டுவிட்டு மாறிப்போகலாம்.

ஆனால் இரண்டு தனித்தனி டிக்கெட்டாகப் போட்டுப் பாயிண்டைப் பெருக்கலாம் என்று யாராவது கிளம்பினால்: வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் திருச்சி விமானம் தாமதமானால், தனி டிக்கெட்டில் டெல்லி விமானத்தை விட்டவர் விட்டவர்தான். ஒரே பிஎன்ஆரில் இருந்தால்தான் அடுத்த விமானத்தில் ஏற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு.

மயூரத்தான் | நவம்பர் 4, மதியம் 1:20

இவ்வளவு கணக்குக்கு மயிலாடுதுறையிலிருந்து ராத்திரி உழவன் ரயிலில் ஏறிப் படுத்தால் விடியலில் எழும்பூர். பாயிண்ட் இல்லை, தூக்கம் உண்டு.

உழவன்_எக்ஸ்பிரஸ் | நவம்பர் 4, மதியம் 1:35

என் பெயரைப் பார்த்துவிட்டா இந்த நக்கல். கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் காரில் போய், ஒரு மணி நேரம் பறப்பதற்கு யாரும் பாயிண்டுக்காகப் போவதில்லை. காலையில் போய் ராத்திரி திரும்ப வேண்டியவன்தான் போவான். சரி, விஷயத்துக்கு வருவோம். சம்பாதித்த பாயிண்ட் எவ்வளவு பெறும்?

வெண்ணாறு | நவம்பர் 4, இரவு 9:50

விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், இப்படிக் கணக்குப் போடுங்கள். அதே நாள், அதே விமானத்துக்கு ரொக்க விலையையும் பாயிண்ட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ரொக்கம் 2,500. பாயிண்டில் போட்டால் 3,000 பாயிண்ட், கூடவே வரி வகை 700 ரூபாய். மிச்சமாவது 1,800. அதை 3,000-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்ட் 60 காசு.

100 ரூபாய்க்கு 6 பாயிண்ட், ஆக 3 ரூபாய் 60 காசு. அடிப்படைக் கட்டணத்தில் 3.6 சதவீதம் தள்ளுபடி, அதுவும் பின்னால் கிடைக்கிற தள்ளுபடி. இந்த 3.6-க்காக இன்னொரு கம்பெனியில் 400 ரூபாய் மலிவாகக் கிடைக்கிற டிக்கெட்டை விடுவது புத்தி இல்லை.

கொள்ளிடக்கரை | நவம்பர் 4, இரவு 10:20

60 காசு இல்லை, 58. ரொக்கத்தில் போட்டிருந்தால் அதற்கும் பாயிண்ட் வந்திருக்குமே. அடிப்படை 1,700 என்றால் 102 பாயிண்ட் போச்சு. 1,800-ஐ 3,102-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு காசு சின்ன விஷயம்தான், ஆனால் மேல்படியில் இருந்து 100-க்குக் கூடுதல் பாயிண்ட் வாங்குகிறவருக்கு இந்த இழப்பும் கூடும்.

பெரியகோயில்_நந்தி | நவம்பர் 5, காலை 11:00

பொங்கலுக்குப் பாயிண்டில் போட்டால் லாட்டரி மாதிரி இல்லையா? ரொக்க விலை 6,500 ஆகும்போது அதே 3,000 பாயிண்ட் கொடுத்தால் 5,800 மிச்சம், ஒரு பாயிண்ட் கிட்டத்தட்ட 1 ரூபாய் 93 காசு.

வெண்ணாறு | நவம்பர் 5, மதியம் 12:10

பாயிண்ட் விலை நிலையான அட்டவணையில் இருந்தால் மட்டும். அட்டவணை வைத்திருந்த காலத்தில் பண்டிகை நாளில் பாயிண்டுக்கு என்று ஒதுக்கிய சீட்டைத் திறக்கவே மாட்டார்கள். இரண்டு சீட் இருந்தால் அதுவும் முதல் நாளே போய்விடும். ரொக்க விலையோடு ஏறி இறங்குகிற திட்டத்தில் அதே சீட் 9,000 பாயிண்ட் கேட்கும். 5,800-ஐ 9,000-ஆல் வகுங்கள், 64 காசு. சீட் எப்போதும் கிடைக்கும், லாட்டரி அடிக்காது. எது வேண்டும் என்பது அவரவர் பாடு. நாலு பேர் குடும்பமாகப் போகிறவருக்கு இரண்டாவதுதான் உபயோகம், நாலு சீட் ஒன்றாகத் திறந்த அட்டவணையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. கிரெடிட் கார்டு பாயிண்டை விமானக் கணக்குக்கு மாற்றுவது ஒருவழிப்பாதை, திரும்ப வராது. சீட் கண்ணில் பட்ட பிறகு மாற்றுங்கள். முன்கூட்டியே மாற்றி வைத்துவிட்டால், இடையில் பாயிண்ட் விலை ஏறும்போது மாட்டிக்கொள்வது நாம்தான்.

சிங்கை_மன்னை | நவம்பர் 6, இரவு 11:40

மன்னார்குடி, இப்போது சிங்கப்பூர். எல்லாரும் ஒரு வாசலை மறந்துவிட்டீர்கள். ஏர் இந்தியா 2014-லிருந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கம்பெனிக் கூட்டணியில் இருக்கிறது. உள்நாட்டு ஏர் இந்தியா டிக்கெட்டில் அவர்கள் சொந்தத் திட்டமான மகாராஜா கிளப் எண்ணுக்குப் பதிலாக, கூட்டாளியான சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்ட எண்ணைப் போடலாம். அங்கே இன்னமும் தூரம் பெருக்கல் வகுப்புச் சதவீதம் என்ற பழைய கணக்குதான். மலிவாகக் கிடைத்த நீளமான டிக்கெட்டை அங்கே தள்ளுங்கள், விலை கூடிய குட்டை டிக்கெட்டைச் சொந்தத் திட்டத்தில் வையுங்கள்.

எச்சரிக்கை மூன்று. டிக்கெட்டில் வகுப்பு என்ற இடத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கும். சாதாரண வகுப்புக்குள்ளேயே பத்துக்கு மேல் எழுத்து. அந்த எழுத்துக்குக் கூட்டாளித் திட்டம் எத்தனை சதவீதம் தருகிறது என்று பணம் கட்டும் முன் பாருங்கள், மலிவு ரக எழுத்துகளுக்குச் சில நேரம் பூஜ்யம். இரண்டாவது, ஒரு பயணத்துக்கு ஒரே கணக்குதான், இரண்டிலும் வாங்க முடியாது. மூன்றாவது, கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருஷத்தில் காலாவதி. நடுவில் பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. ஏர் இந்தியாவில் 24 மாதத்துக்குள் ஒரு தடவை பறந்தால் எல்லாம் உயிரோடு இருக்கும். ஊருக்கு வருஷம் ஒரு தடவை வருகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

திருச்சி–சிங்கப்பூர் பறக்கிற ஸ்கூட் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விமானக் கம்பெனி) டிக்கெட்டிலும் கிரிஸ்ஃப்ளையர் மைல் உண்டு, ஆனால் அது கொடுத்த காசைப் பார்த்து.

டிக்கெட்_கவுண்டர் | நவம்பர் 7, காலை 9:30

தம்பி சொன்னதோடு ஒன்று. திருச்சியில் நிற்கிற விமானத்தைப் பார்த்துவிட்டு ஏர் இந்தியா என்று நினைத்து கிரிஸ்ஃப்ளையர் எண்ணைக் கொடுக்கிறார்கள். அது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். விமான எண் ஐஎக்ஸ் என்று தொடங்கும், ஏஐ இல்லை. ஸ்டார் அலையன்ஸில் அது உறுப்பினர் கிடையாது. டாடா நியூ ஆப் வழியாக வரும் நியூகாயின் வேறு கணக்கு, ஒரு காயின் ஒரு ரூபாய். காயின் என்றால் வகுத்தல் பெருக்கல் வேண்டாம், அந்த வகையில் நிம்மதி.

உழவன்_எக்ஸ்பிரஸ் | நவம்பர் 7, காலை 10:05

அமெரிக்காவில் இருக்கிற நம்ம பிள்ளைகள் கொடுத்த காசுக்குப் பாயிண்ட் என்கிற இந்தக் கணக்கைப் பத்து வருஷமாக அனுபவிக்கிறார்களாமே?

சிங்கை_மன்னை | நவம்பர் 7, இரவு 10:50

ஆமாம் அண்ணே. சவுத்வெஸ்ட் 2011-இல், டெல்டா 2015 ஜனவரியில், யுனைடெட் அதே மார்ச்சில், அமெரிக்கன் 2016 ஆகஸ்டில் மாறியது. அங்கே அடுத்த படியும் வந்துவிட்டது: டெல்டாவில் அடிமட்ட மலிவு டிக்கெட்டுக்கு மைலே கிடையாது. இங்கேயும் கைப்பையோடு மட்டும் ஏறுகிற மலிவு ரகங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன, பாயிண்ட் உண்டா என்று அந்தந்த ரகத்துக்குக் கீழே படித்துவிட்டுப் போடுங்கள்.

கொசுறு: அந்த டெல்டா, மிசிசிப்பி டெல்டா. பருத்திக்கு விமானத்தில் மருந்து தெளித்து ஆரம்பித்த கம்பெனி.

மயூரத்தான் | நவம்பர் 8, காலை 6:15

நம்ம டெல்டாவில் மருந்து தெளிக்க இப்போதுதான் டிரோன் வந்திருக்கு. 2100-இல் பாயிண்ட் தருவார்கள், பொறுத்திருப்போம்.

பெரியகோயில்_நந்தி | நவம்பர் 10, மாலை 5:00

பறந்தாச்சு, பாயிண்ட் ஏறவே இல்லை. எண் கொடுத்துத்தான் டிக்கெட் போட்டது. எங்கே பிசகும்?

டிக்கெட்_கவுண்டர் | நவம்பர் 10, இரவு 9:45

இன்ஷியல். பத்துக்கு எட்டு இதுதான்.

டிக்கெட்டில் பெயர் எப்படி அச்சாகிறது பாருங்கள். சாய்கோட்டுக்கு முன்னால் குடும்பப்பெயர், பின்னால் இட்ட பெயர், அதோடு மிஸ்டர் ஒட்டிக்கொண்டு வரும். ஆர். குமாரசாமி டிக்கெட்டில் ‘குமாரசாமி/ஆர்மிஸ்டர்’. அவரே உறுப்பினர் கணக்கைத் தொடங்கும்போது அப்பா பெயரை விரித்து ‘ராமசாமி’யைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டிருப்பார். மெஷினுக்கு இரண்டும் வேறு ஆள். பாயிண்ட் அந்தரத்தில் நிற்கும்.

ழகரம் இருக்கிற பெயர் இன்னும் வம்பு. ஆதாரில் இசட்எச், பாஸ்போர்ட்டில் எல். எது சரி என்று என்னைக் கேட்பார்கள். எந்த அடையாளத்தை ஏர்போர்ட்டில் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ள எழுத்து. அதே எழுத்து உறுப்பினர் கணக்கிலும். வெளிநாடும் போகிறவர் என்றால் பாஸ்போர்ட் பெயரிலேயே கணக்கைத் தொடங்குவது நல்லது. பிழையான கணக்கைத் திருத்த அடையாளச் சான்று கேட்பார்கள். புதுசாக இன்னொரு கணக்குத் தொடங்கினால் இரண்டு கணக்குக்காரர் என்று மூடிவிடவும் வாய்ப்பு உண்டு. திருத்தம்தான் வழி.

ஒற்றைப் பெயர்க்காரர்கள் பெயர், குடும்பப்பெயர் இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொல்கிற கம்பெனி இருக்கிறது. டிக்கெட்டில் அப்படி வந்தால் கணக்கிலும் அப்படியே இருக்கட்டும்.

வெண்ணாறு | நவம்பர் 10, இரவு 10:10

கவுண்டர்காரர் தன் பக்கத்துக் குற்றத்தை விட்டுவிட்டார். மொத்தமாக வாங்கி வைத்து விற்கிற சீரிஸ் டிக்கெட், குரூப் டிக்கெட் இவற்றுக்குப் பெரும்பாலும் பாயிண்ட் கிடையாது. கல்யாணக் கோஷ்டிக்குப் பதினைந்து பேருக்குச் சேர்த்துப் போட்டால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட்_கவுண்டர் | நவம்பர் 10, இரவு 10:25

கேட்டால் சொல்வோம் அக்கா. விலையை மட்டும்தான் கேட்கிறார்கள்.

மயூரத்தான் | நவம்பர் 17, காலை 7:40

நேற்று கடைமுகம், இன்று முடவன் முழுக்கு, காவிரியில் இறங்கிவிட்டு வந்து எழுதுகிறேன். ஐப்பசி முழுக்க விட்டவனுக்கும் கார்த்திகை முதல் நாள் அதே புண்ணியம். ஏறாமல் விட்ட பாயிண்டுக்கும் ஒரு முடவன் முழுக்கு இருக்கிறதே, நந்தி அதைச் செய்தாரா?

கொள்ளிடக்கரை | நவம்பர் 17, காலை 9:15

விடுபட்ட பாயிண்ட் கோரிக்கை என்று உறுப்பினர் கணக்குக்குள்ளேயே படிவம் இருக்கும். வேண்டியது: 13 இலக்க இ-டிக்கெட் எண் (ஏர் இந்தியா என்றால் 098-இல் தொடங்கும்), பறந்த தேதி, விமான எண், போர்டிங் பாஸ் படம். பிஎன்ஆர் என்பது ஆறு எழுத்து, அது வேறு. அதைப் போட்டு அனுப்பிவிட்டு நிராகரித்துவிட்டான் என்று கத்துகிறவர்கள் நிறைய.

போர்டிங் பாஸ் வெப்பக் காகிதம், சட்டைப் பையில் ஒரு வெயில் கண்டால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் பாஸ் என்றால் பறந்த பிறகு ஆப்பிலிருந்து மறைந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் வேண்டும். படம் எடுக்கும்போதே அதில் உங்கள் உறுப்பினர் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கவுண்டரிலேயே சேர்க்கச் சொல்லலாம், அரை நிமிஷ வேலை.

அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பார்கோடு பட்டையில் பெயரும் பிஎன்ஆரும் இருக்கிறது. திரும்பும் டிக்கெட் அதே பிஎன்ஆரில் இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

விமானத்தை ரத்துசெய்து வேறு கம்பெனியில் ஏற்றிவிட்டால் முதலில் வாங்கிய டிக்கெட்டுக்கான பாயிண்டைக் கேளுங்கள். தானாக ஏறாது.

பெரியகோயில்_நந்தி | நவம்பர் 19, மாலை 6:30

இன்ஷியல்தான். கணக்கில் அப்பா பெயர், டிக்கெட்டில் ஒற்றை எழுத்து. திருத்தத்துக்கு பாஸ்போர்ட் நகல் அனுப்பியாச்சு. இன்னொரு சந்தேகம், மடியில் வைத்துக் கூட்டிப்போகிற ஒன்றரை வயசுப் பேத்திக்குக் கணக்குத் தொடங்கலாமா?

டிக்கெட்_கவுண்டர் | நவம்பர் 19, இரவு 8:55

இரண்டு வயசுக்குள் மடிக் குழந்தை டிக்கெட்டுக்குப் பாயிண்ட் இல்லை சார். இரண்டு முடிந்து தனி சீட் வாங்கும்போது தொடங்குங்கள். அப்போது பிறப்புச் சான்றிதழில் இருக்கிற எழுத்திலேயே பெயரைப் போடுங்கள், இன்ஷியலை அன்றைக்கே விரித்து.